எட்டு மில்லிமீற்றர்

முதலாவது சரியாகத்தான் இருந்தது, இரண்டாவதும் சரி, இப்போது மூன்றாவதை அந்தப் பிளாஸ்ரிக் சுத்தியலுக்குள் செருகி நிலக்கீழ் அறையின் சீமெந்துத் தரையில் அடிக்கிறேன், கழரவில்லை, இன்னும் பலமாக அடிக்கிறேன், மேலே குசினியில் அம்மா நடக்கிற சத்தம் நிற்கிறது, நான் என்னத்தைப் போட்டு உடைக்கிறேன் என்று காது கொடுக்கிறாவாக்கும், கொடுக்கட்டும். இந்தச் சுத்தியலின் தலை வெறும் கூடு. அதற்குள் தோட்டாவை மாட்டித் தரையில் குத்தினால் நுனியில் இருக்கிற சன்னம் தன் பாரத்திலேயே பித்தளைக் கோதைவிட்டுக் கழன்று விழும், பின்னால் வெடிமருந்தும் கொட்டும். நிரப்பினது பிழைத்தால் பிரித்து எடுக்கிறதற்கென்றே செய்த சாமான். வாங்கின நாளிலிருந்து நான் அதைத் தொட்டதில்லை, எனக்குப் பிழைக்காது என்று ஒரு எண்ணம், பள்ளிக்கூடத்தில் எல்லாம் பிழைத்தது, இது மட்டும் பிழைக்காது என்று. இன்னும் ஒரு அடி. டொக் என்று விழுகிறது. மருந்தை ஊதிவிட்டுச் சன்னத்தைத் தடிப்பு அளக்கிற வேர்ணியரின் பல்லுக்கு நடுவில் வைக்கிறேன், எண் ஓடி ஓடி நிற்கிறது, நான் துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கிறேன், திரும்பவும் அதே எண். எட்டு தசம் இரண்டு. அப்பாவின் துவக்குக்கு எட்டுக்கு மேலே ஒரு துளிதான் இருக்கவேண்டும், இது அதைவிடத் தடிப்பு, ஒரு தலைமுடியளவு கூட, அல்லது இரண்டு தலைமுடியளவு, கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தெரியாது. அப்பா விடிய வெளிக்கிட்டுப் போய்விட்டார், மலையில் ஏதோ ஒரு கல்லில் பாயை விரித்து எல்க் மான் வரும் என்று குந்திக்கொண்டிருப்பார், அவருடைய பொக்கற்றில் நான் நிரப்பின தோட்டா கிடக்கிறது, இதோடு சேர்த்து ஒரே இரவில் ஒரே பெட்டிக்கு நிரப்பினது, அதில் எது மெல்லிசு எது தடிப்பு என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது, அவருக்கு இப்படி ஒரு கேள்வி இருக்கிறதே தெரியாது.

அந்தத் துவக்கு என்னைவிட, அப்பாவைவிட, எங்கள் எல்லாரையும்விட வயசானது. ஜேர்மன்காரன் செய்தது, ஒற்றைக் குழல், நடுவில் முறித்துத் திறந்து ஒரு தோட்டா போட்டு மூடவேண்டும், சுட்டால் திரும்பத் திறந்து இன்னொன்று போடவேண்டும். அப்படி முறிகிற துவக்குக்குத் தோட்டாவின் அடியில் தட்டு மாதிரி ஒரு விளிம்பு வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே நழுவிப் போய்விடும். அந்த விளிம்புத் தோட்டா இப்போது கடையில் கிடையாது, ஓஸ்லோவில் ஒரு கடையில் சொல்லி எடுப்பிக்கலாம், சொல்லுகிற விலைக்கு அப்பா சிரித்தே விடுவார். அதனால்தான் சுட்ட கோதைப் பொறுக்கிக்கொண்டு வந்து கழுவி, அடியில் மருந்தைப் பற்றவைக்கிற புதுப் பிரைமர் அடித்து, மருந்து நிறுத்துப் போட்டு, மேலே சன்னத்தை வைத்துப் பிரஸ்ஸின் பிடியை இழுத்து இறுக்குகிறது. அப்பாவுக்கு இந்தக் கடைசி வேலைக்குக் கை நடுங்கும், வெள்ளெழுத்துக் கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்கும் ஏற்றி இறக்குவார். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் வீட்டில் கிடந்த முதல் கிழமையே இந்தக் கதிரையில் இருத்திவிட்டார். ஏன் விட்டாய் என்று கேட்கவில்லை. அம்மா கேட்டா, இன்னும் கேட்கிறா, ஆனால் ரொறன்ரோவில் இருக்கிற பெரியம்மாவுக்கு ரெலிபோனில் ஜனு ஒரு வருசம் ரெஸ்ற் எடுக்கிறாள் என்று சொல்லுகிறா. நான் ஒன்றும் ரெஸ்ற் எடுக்கவில்லை. அங்கே இருந்தேன், அவர்கள் கதைத்தார்கள், எனக்கு ஒன்றும் ஏறவில்லை, எழும்பி வந்துவிட்டேன், இதற்கு மேல் அதில் கதை இல்லை. இங்கே பிடியை இழுத்தால் ஒரு வேலை முடிகிறது. அன்றைக்கும் இழுத்தேன். ஒன்றிரண்டுக்குப் பிடி இறுக்கமாக வந்தது, கைக்குத் தெரிந்தது, கோது பழசு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு தடிப்பு, அதுதான் என்று நினைத்து முழங்கையை ஊன்றி அழுத்தினேன். அழுத்தினேன். அந்த இறுக்கம் இப்போதும் முழங்கையில் இருக்கிறது.

எனக்கு இது தெரியவந்ததே குப்பையால்தான். கடதாசிக் குப்பையைக் கட்டி வைக்கச் சொல்லி அம்மா கத்தினதால் பையை அமத்தினபோது ஒரு வெறும் சன்னப் பெட்டி தட்டையாக மடிந்து மேலே வந்தது, பச்சைப் பெட்டி, அப்பாவோடு வேட்டைக்குப் போகிற ஊலாவின் செத்துப்போன தமையனுடைய சாமான்களோடு சும்மா கிடைத்தது, எங்கள் துவக்குக்குப் பொருந்தாது, ஆருக்காவது குடுப்பம் என்று அப்பா தட்டின் மேல்மூலையில் தள்ளி வைத்திருந்தார். அதிலும் எட்டு என்றுதான் போட்டிருக்கும், எங்களுடையதிலும் எட்டு என்றுதான் போட்டிருக்கும். அந்தக் காலத்தில் ஜேர்மன்காரன் ஒரு எட்டைச் செய்து, பிறகு அதைக் கொஞ்சம் தடிப்பாக்கி அதற்கும் எட்டு என்றே பேர் வைத்தான், நாசமாய்ப் போவான். நான் மேலே ஓடிப்போய்ப் பெட்டியைக் காட்டி இதுக்குள்ள இருந்தது எங்கே என்று கேட்டேன். அம்மா எள்ளெண்ணெய்ச் சிட்டிக்குத் திரி கட்டிக்கொண்டிருந்தா, இன்றைக்குப் புரட்டாசிச் சனி, இந்த ஊரில் கோயில் இல்லாதபடியால் யன்னலடியில்தான் சனீஸ்வரனுக்கு விளக்கு. திரும்பிக்கூடப் பார்க்காமல், இரண்டு அரைப் பெட்டியும் இடத்தை அடைச்சுக்கொண்டு கிடந்தது, அந்த மாஜரீன் டப்பாவில் ஒன்றாய்க் கொட்டிவிட்டேன், ரெண்டும் எட்டுத்தானே என்றா. பருப்பை அப்படித்தான் செய்வா. பாதி முடிந்த பழைய பைக்கற்றும் புதுப் பைக்கற்றும் ஒரே ரின்னுக்குள், சீனியும் அப்படித்தான், செத்தல் மிளகாயும் அப்படித்தான், எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் இரண்டு பெட்டியில் இருக்க அம்மா விட்டதில்லை. நிலக்கீழ் அறையைக் கூட்டித் தாங்கோ என்று நான்தான் கேட்டது. நான் கேட்டபடியால்தான் அம்மா இறங்கி வந்தா. டப்பாவில் இருந்ததை நான் அள்ளி அள்ளிப் போட்டேன், ஒரே செம்பு நிறம், ஒரே மினுக்கம், புதுசாகக் கழுவின கத்தரிக்காய் மாதிரி எல்லாம் ஒன்றுபோல்.

நாலாவது சரி. ஐந்தாவது தடிப்பு. இனி அடித்து என்ன, கலந்தது கலந்ததுதான், இங்கே இருக்கிறதை முழுக்க உடைத்தாலும் அங்கே இருக்கிறது என்ன என்று சொல்லாது, ஆனால் கை நிற்கவில்லை, ஆறாவதைச் செருகிவிட்டது. ஒன்றும் நடக்காது என்றும் எழுதியிருக்கிறார்கள். நான் தேடி வாசித்தேன், ஒருவன் தான் எத்தனையோ வருசம் இந்தத் தடிப்பைத்தான் அந்த மெல்லிசுக் குழலில் சுட்டதாகவும், சன்னம் நெளிந்து நெளிந்து போய்விடும், பயப்பிடவேண்டாம் என்றும் எழுதியிருந்தான். அதற்குக் கீழே இன்னொருவன் படம் போட்டிருந்தான். குழல் பனங்கிழங்கைப் பிளந்த மாதிரி நடுவால் விரிந்திருந்தது, குழலின் அடியை மூடுகிற பூட்டு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, பூட்டு பின்னால் போயிருக்கிறது, பின்னால் என்ன இருக்கும், கன்னம் இருக்கும், கண் இருக்கும். அப்பா கன்னத்தை நல்லா அமத்தி வைப்பார், ஊலாவ் சொல்லிக்கொடுத்தது, கன்னம் அசையக்கூடாது குன்னார் என்று. குணநாயகம் என்ற பேர் அவர்களுடைய வாயில் வராமல் முதல் நாளே குன்னாராகிவிட்டது, அப்பா திருத்தவில்லை, இப்போது அவரே ரெலிபோனை எடுத்துக் குன்னார் என்கிறார், எனக்கு அதைக் கேட்டால் எரிச்சல் வரும். இங்கே எல்லாருக்கும் அப்பா இயக்கத்தில் இருந்தவர் என்று ஒரு நினைப்பு. சுன்னாகத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த மனுசன். துவக்கை முதல்முதல் கையால் தொட்டதே இந்த ஊரில்தான், அதுவும் முதியோர் இல்லத்துக் குசினியில் கஞ்சி காய்ச்சுகிற வேலையால். ஊலாவின் தாய் ஒருவர் கையாலும் வாங்கிச் சாப்பிடாமல் அப்பா தீத்தினால் மட்டும் வாய் திறந்தாவாம், அவ செத்த பிறகு ஊலாவ் வீட்டுக்கு வந்து, எங்களோடு வேட்டைக்கு வாறியா என்று கேட்டான். அந்தக் குழுவுக்குள் வெளியாள் ஒருவரையும் எடுக்கமாட்டார்கள், பக்கத்து ஊரில் கலியாணம் முடித்துப் போனவனையே திரும்ப எடுக்கவில்லை. அப்பா பரீட்சை எழுதினார், சூட்டுச் சோதனையில் இரண்டு தரம் தவறினார், மூன்றாம் தரம் பாஸ் பண்ணிவிட்டு வரும்போது கேக் வாங்கிக்கொண்டு வந்தார். போன வருசம் முழுக்க மலையில் குந்தியிருந்து ஒரு குருவிகூட முன்னால் வரவில்லை. இந்த வருசம் நல்ல இடம் தந்திருக்கிறார்கள், ஓடையடி, எல்க் கட்டாயம் கடக்கிற இடம். நேற்று இரவு அதைச் சொல்லும்போது அப்பாவின் முகம் எப்படி இருந்தது. அம்மா, புரட்டாசிச் சனியில் போய் ஒரு சீவனைக் கொல்லத்தான் வேணுமோ என்று கேட்டா. அப்பா, வேட்டை துவங்கிற நாளை நோர்வே அரசாங்கம் எங்கட பஞ்சாங்கத்தைப் பாத்து வைக்கேல்லையப்பா என்றார்.

ரெலிபோன் போகவில்லை. அப்பாவுக்கு அடித்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பொம்பிளைக் குரல், அழகாகச் சொல்லுகிறாள். அணைக்கட்டுக்கு அங்கால் சில இடத்தில்தான் சிக்னல் பிடிக்கும், அவர்கள் வோக்கி ரோக்கியில் கதைப்பார்கள், அது எங்கள் வீட்டில் இல்லை. எனக்கு லைசன்ஸ் இல்லை, அம்மாவுக்கும் இல்லை, கார் அப்பாவோடு போய்விட்டது, சனிக்கிழமை பஸ் இல்லை, பஸ் இருந்தாலும் அது மலைக்குப் போகாது. நடந்தால், நடந்து போய்ச் சேருகிறதுக்குள், சரி போய்ச் சேர்ந்தாலும் சுடுகிற நேரம் எல்க் என்று நினைத்து என்னைச் சுடுவார்கள். கடைசியில் ஊலாவுக்கு அடித்தேன். அவனும் எடுக்கவில்லை, ஆனால் அவனுடையது பீப் என்று சத்தம் வந்து செய்தி சொல்லச் சொன்னது. சொல்லியிருக்கவேண்டும். எனக்கு நோர்வேஜியன் நல்லா வரும், பள்ளிக்கூடத்தில் வந்த ஒரே ஒன்று அது, அப்பா சுடக்கூடாது, தோட்டா பிழை, நான் நிரப்பினது, இவ்வளவுதான், ஒரு மூச்சு. என் வாயில் வந்தது வேறு. ஜனுசா கதைக்கிறேன், அப்பாவை வீட்டுக்கு உடனே அடிக்கச் சொல்லுங்கோ. வைத்துவிட்டேன். ஏன் சொல்லவில்லை? நான் பொய் சொல்லுகிற ஆள் இல்லை, ஆசிரியையின் முகத்துக்கு நேரே உங்கட பாடம் அலுக்குது என்று சொன்ன ஆள். ஆனால் அந்த பீப் சத்தத்தில் எனக்கு ஊலாவின் வீட்டு மேசை தெரிந்தது, வேட்டை முடிய எல்லாரும் இருந்து சாப்பிடுகிற மேசை, அதில் அப்பா கதவுப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறது தெரிந்தது, குன்னார் தன்ர தோட்டாவைத் தானே நிரப்பிறான் என்று ஊலாவ் பெருமையாகச் சொன்னது கேட்டது, அப்பா மறுக்காமல் இருந்ததும் கேட்டது. பதினேழு வயசுப் பெட்டை நிரப்பினது, மனுசி பருப்பு மாதிரிக் கலந்துவிட்டாள் என்று தெரிந்தால் அடுத்த வருசம் அந்தக் கதிரை இல்லை. கண் போனாலும் கதிரை இருக்கட்டும் என்று நினைத்தேனா? நினைக்கவில்லை. நினைக்கவில்லை, ஆனால் அப்படித்தான் செய்தேன். திரும்ப அடித்துச் சொல்லலாம், இப்பவே சொல்லலாம், அடிக்கிறேன், பீப், பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்தில் எங்கோ ஒரு வெடி.

நான் ரெலிபோனைக் காதில் வைத்தபடி நிற்கிறேன், அது என் மூச்சைப் பதிந்துகொண்டிருக்கிறது. வெடி எங்கே கேட்டது, அணைக்கட்டுப் பக்கமா, தேவாலயத்துப் பக்கமா, மலை சத்தத்தை எடுத்து அங்கே இங்கே எறியும், ஒன்றும் பிடிக்க ஏலாது. இன்றைக்கு முதல் நாள், எத்தனை குழு, எத்தனை துவக்கு, அது அப்பாவாக இருக்கவேண்டும் என்று என்ன. பிளந்து சிதறுகிற துவக்கும் மற்ற வெடிபோலத்தான் கேட்குமா, வேறு மாதிரியா, அதை ஒருவரும் எழுதவில்லை. அம்மா படியில் பாதி இறங்கி நிற்கிறா, கையில் காகத்துக்கு வைக்கிற சோறு. இங்கே காகம் மாலையில்தான் வரும், அம்மா கேட்கமாட்டா, காலையிலேயே வைப்பா. தரையில் கொட்டிக் கிடக்கிற மருந்தையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு என்னடி என்றா. நான் சொன்னேன். சுருக்கமாகச் சொன்னேன், எனக்கு வளைத்துச் சொல்ல வராது, நீங்க கலந்தீங்க, நான் பார்க்காமல் அழுத்தினேன், அப்பாவின் முகத்தில் வெடிக்கலாம். அம்மா ஒரு சன்னத்தை எடுத்துப் பார்த்தா, இன்னொன்றையும் எடுத்துப் பார்த்தா, இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்தா, பக்கத்தில் பக்கத்தில் வைத்து உருட்டினா, "ரெண்டும் ஒண்டுதானே பிள்ளை" என்றா, திரும்பவும் "ஒண்டுதானே" என்றா, குரல் இறங்கி இறங்கிப் போனது. ஷெல்லுக்குள்ளால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லுகிற மனுசி, அப்படியே படியில் இருந்துவிட்டா, சோறு மடியில். எனக்கு அம்மாமேல் கோபம் வரவேண்டும், வரவில்லை, வந்திருந்தால் நல்லா இருந்திருக்கும், கத்தியாவது இருக்கலாம். நான் ஆறாவதை அடித்தேன். சரி. ஏழாவதைச் செருகினேன். அம்மா அடிக்காதே என்றா. வேற என்னம்மா செய்யிறது என்று கேட்டேன். இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு, இரண்டாவது வெடி கேட்கக்கூடாது என்று இருந்தோம், பிறகு கேட்டால் நல்லது என்றும் இருந்தது, கேட்டால் முதலாவதில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம், ஆனால் அந்த இரண்டாவது எது. நல்லதைச் சுட்டு முடித்தால் கெட்டது மிஞ்சும், கெட்டதைச் சுட்டால், எப்படிப் போனாலும் அது வந்து அங்கேதான் நிற்கிறது, திரும்பத் திரும்ப அங்கேதான்.

ரெலிபோன் அதிருகிறது. அப்பா. நான் பச்சையை அமத்தினேன். முதலில் காற்று, பிறகு மூச்சு, பிறகு அப்பாவின் குரல், முழுசாக, வாயிலிருந்து வருகிற முழுக் குரல். அம்மாவுக்கு என்ன என்று கேட்டார், ஊலாவின் ரெலிபோனில் என் செய்தியைக் கேட்டுவிட்டுப் பயந்துபோய் மேட்டுக்கு ஏறி அடிக்கிறாராம், பயந்த குரலுக்குள்ளேயே சிரிப்பும் கிடந்தது, அவரால் அடக்க ஏலவில்லை. "விழுத்திப்போட்டன் பிள்ளை. பெரிய ஆண். கொம்பைப் பாக்கவேணும் நீ. இன்னும் சாகேல்லை, பத்தைக்குள்ள கிடக்குது, மற்றத் தோட்டாவைப் போட்டிட்டன், சுட்டவன்தான் முடிக்கவேணுமாம், வைக்கிறன்."

"அப்பா, துவக்கைத் திறவுங்கோ."

"என்ன?"

"திறந்து தோட்டாவை வெளியில எடுங்கோ. சன்னம் ரெண்டு சைஸ் கலந்துபோச்சு. சிலது பிழை. உங்கட பொக்கற்றில எது எதெண்டு எனக்குத் தெரியாது."

காற்று. தூரத்தில் ஒரு நாய். அப்பா மூச்சு விடுகிறார். முதலாவது நல்லாத்தானே போனது என்றார். அது நல்லதாய் இருந்திருக்கும் என்றேன். அவருக்கு விளங்கிவிட்டது, அந்த இரண்டு எட்டையும் எனக்குக் காட்டித் தந்ததே அவர்தான். ஏன் எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. குரலைத் தணித்து, "எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம் ஜனு" என்றார், அவ்வளவுதான். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. நான் விடச் சொன்னால் விடுவார், சுடுங்கோ என்று சொன்னால் சுடுவார், அப்படி இருந்தது, ஒரு அப்பா மகளிடம் அப்படிக் கேட்கக்கூடாது. "திறவுங்கோ அப்பா" என்றேன்.

அவர் வைக்கவில்லை, ரெலிபோனை அப்படியே ஜக்கற்றுக்குள் போட்டிருக்கவேண்டும், துணி உரசுகிற சத்தம், அதற்குள்ளால் துவக்கு முறிகிற சத்தம், அது எனக்கு நித்திரையிலும் தெரியும். நான் ஸ்பீக்கரில் போட்டேன், அம்மா கிட்ட வந்தா. செடி மிதிபடுகிறது, ஆட்களின் குரல், ஊலாவ் எல்லாம் சரியா என்று கேட்கிறான். அப்பா தன் உடைந்த நோர்வேஜியனில், தோட்டா முடிஞ்சுது, மற்றதெல்லாம் வீட்டில விட்டிட்டன், நீங்கள் சுடுங்கோ என்கிறார். பிறகு ஒருவன், ஒற்றைத் தோட்டாவோட எல்க் வேட்டைக்கு வந்த முதல் ஆள் நீதான் குன்னார் என்றான், சிரித்தார்கள், இன்னொருவன் உங்கட நாட்டுச் சண்டையிலும் இப்பிடித்தானோ, ஆளுக்கொரு தோட்டாவோ என்றான், அதற்கு இன்னும் பெரிசாகச் சிரித்தார்கள். அம்மாவுக்கு நோர்வேஜியன் அவ்வளவு ஓடாது, என்னவாம், என்னவாம் என்று என் கையைப் பிடித்து இழுக்கிறா. ஊலாவின் துவக்கு ஒருதரம் வெடித்தது. யாரோ கை தட்டினார்கள், யாரோ ஊலாவின் பேரைச் சொன்னார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தார், அவர்களைவிடச் சத்தமாக, மூச்சு வாங்க வாங்க, நிற்பாட்டாமல். ஒன்றுமில்லை அம்மா, அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நான் அந்தச் சிரிப்பு முடியும்வரைக்கும் ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.